அளவுக்காரர் வீட்டு இரட்டைக் குழந்தைகள்

அன்பு மகள் திமாரெத்தேவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் லெம்னோஸில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டுதான் தொடங்குகிறேன். இங்கே எல்லாரும் நலம் என்ற வரியை எழுதி அழித்தேன், மறுபடி எழுதி மறுபடி அழித்தேன், இந்தத் தடவை அது வரமாட்டேன் என்கிறது. எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பயப்படாதே, உடம்பு தேறிவிட்டது, படுத்தபடி எழுதுகிறேன், அவ்வளவுதான். நீ அனுப்பிய பாலாடைக்கட்டியும் உலர்ந்த அத்தியும் வந்து சேர்ந்தன, கட்டியின் ஓரத்தில் கடல்தண்ணீர் பட்டிருந்தது, சீவிவிட்டுச் சாப்பிட்டோம். நீ முழுகாமல் இருக்கிறாய் என்று உன் கையாலேயே எழுதியிருந்ததைப் பார்த்து அழுதேன், நான் உனக்கு எழுதச் சொல்லிக்கொடுத்தது இந்த ஒரு வரிக்காகத்தான் போலிருக்கிறது. தண்ணீர்க் குடத்தை நீ தூக்காதே. தறியின் முன் நெடுநேரம் நிற்காதே, நின்றால் கால் வீங்கும். உனக்குத் தங்கை பிறந்திருக்கிறாள் என்று உன் அப்பா கப்பல்காரரிடம் சொல்லி அனுப்பியிருந்தார் அல்லவா, அது பாதிச் செய்தி. பிறந்தது இரண்டு பெண்கள். மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நடந்ததை நடந்தபடி சொல்லிப் பார்த்தால்தான் எனக்கே புரியும்போல் இருக்கிறது, அதனால் பொறுமையாகப் படி, நடுவில் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே.

உன் கல்யாணத்துக்குப் பிறகு வீடு வெறிச்சென்று ஆனதும் உன் அப்பா காலையில் மதிலுக்கு வெளியே இருக்கும் தோப்புக்குப் போய்வர ஆரம்பித்தார். அங்கே ஓர் ஆசிரியர் நடந்துகொண்டே பேசுவாராம், பின்னால் ஒரு கூட்டம் கேட்டுக்கொண்டே நடக்குமாம். நல்ல குணம் என்பது இரண்டு ஓரங்களுக்கு இடையில் இருக்கிறது, பயந்து ஓடுகிறவனும் வீரனல்ல, கண்ணை மூடிக்கொண்டு ஈட்டிமேல் போய் விழுகிறவனும் வீரனல்ல, நிற்க வேண்டிய இடத்தில் நிற்கத் தெரிந்தவனே வீரன், கொடுப்பதும் அப்படி, கோபமும் அப்படி, சிரிப்பும் அப்படி என்று உன் அப்பா முதல்நாள் கேட்டுவந்து சொன்னபோது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அவர் வெளியே போனபின் பெட்டியிலிருக்கும் சுருள்களை எடுத்துப் படிப்பவள் நான் என்பது உனக்கு மட்டும்தான் தெரியும். அவற்றில் ஒன்றில் இந்தப் பேச்சின் ஒரு பகுதியை யாரோ எழுதி வைத்திருந்தார்கள், அதை மனப்பாடமாகும் அளவுக்குப் படித்தேன். அந்த நடு என்பது ஆளுக்கு ஆள், நேரத்துக்கு நேரம், காரியத்துக்குக் காரியம் மாறும் என்று அதில் தெளிவாகவே இருந்தது. ஆனால் உன் அப்பா காதில் விழுந்தது அளவு, கையில் பிடித்துக்கொண்டது பாதி. கூரையில் ஓடு உடைந்து ஒழுகியது, முழுக்க மாற்றினால் ஆடம்பரம், அப்படியே விட்டால் சோம்பல் என்று சரிபாதி மாற்றினார், மழை மற்றப் பாதி வழியாக வந்தது. விருந்தில் மதுவுக்கு அவரைத்தான் தலைவராக வைத்தார்கள், மதுவும் தண்ணீரும் பாதிக்குப் பாதி, அதுதான் நடு என்று கலந்துவிட்டார், மூன்று பங்கு தண்ணீர் விட்டுக் குடித்துப் பழகிய மனிதர்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொண்டு எங்கள் சுவரைத் தடவித் தடவி வீட்டுக்குப் போனார்கள். அதற்குப் பிறகு தெருவில் அவருக்குப் பாதி கெஃபிசோன் என்று பெயர். பக்கத்து வீட்டுக்காரர் இவர் வருவதைப் பார்த்தால், "வாங்க அளவுக்காரரே, முழு வணக்கம் சொல்லலாமா, பாதி போதுமா" என்பார். இவரும் கோபித்துக்கொள்ளமாட்டார், அளவாகச் சிரித்துவிட்டு வருவார். நல்ல மனிதர், உனக்குத் தெரியாததா, என்னிடம் குரல் உயர்த்தியதில்லை, அடிமைப் பெண் சீராவைக்கூட ஒரு அடி அடித்ததில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் தலை சுற்றுகிறது.

பிரசவம் கஷ்டமாகத்தான் இருந்தது. உன்னைப் பெற்றபோது நான் சின்னப் பெண், வலி என்றால் என்னவென்று தெரியாமலே பெற்றுவிட்டேன், இப்போது தெரிந்து பெற்றேன். முதல் பெண் வந்ததும் மருத்துவச்சி கையைக் கழுவப் போனாள், நான் கூப்பிட்டேன், திரும்பி வந்து பார்த்துவிட்டு, "இன்னொருத்தி வாசல்ல நிக்கறாம்மா" என்றாள். இரண்டும் ஒரே அச்சு. மூக்கு, காது மடல், இடது புருவத்தில் ஒரு சின்னச் சுழி, எல்லாம் அப்படியே. கெட்டது அண்டாமலிருக்கக் கதவில் தார் பூசினார்கள், பெண் என்பதற்குக் கம்பளி தொங்கவிட்டார்கள். உன் அப்பா உள்ளே வந்தார், குனிந்து இரண்டின் நெற்றியையும் தொட்டார், என் தலையைத் தடவினார், கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தார். அவர் யோசிக்கிறார் என்று நினைத்தேன், சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்தேன். தகப்பன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுப்பை வலம் வந்து தன் பிள்ளை என்று ஏற்கும் நாளுக்கு யாரையெல்லாம் கூப்பிடுவது என்று நான்தான் பேசிக்கொண்டிருந்தேன், அவர் ம் ம் என்றார்.

அந்த நாளுக்கு முந்தைய நாள் காலை. இராத்திரி முழுக்க மாற்றி மாற்றிப் பால் கொடுத்து வெளுக்கும் நேரத்தில்தான் கண்ணயர்ந்தேன், விழித்தபோது வெயில் உள்ளே வந்திருந்தது. கூடையில் ஒரு குழந்தைதான் இருந்தது. மற்றதைச் சீரா குளிப்பாட்டுகிறாளாக்கும் என்று கூப்பிட்டேன். அவள் வந்து வாசற்படியில் நின்றாள், உள்ளே வரவில்லை, முக்காட்டின் நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் உன் அப்பா வந்தார், கையில் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் முட்டைக்கோஸ் சாறு, அவரே கொண்டுவந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, சந்தையில் என்ன வாங்கலாம் என்று கேட்கும் அதே குரலில் சொன்னார். "லிசில்லா, பதறாம கேளு. ஒரு பிள்ளையும் இல்லாத வீடு குறை. இந்த வயசுல ரெண்டு பொண்ணுங்கறது மிகை. ஒண்ணு, அதுதான் நடு." எனக்கு விளங்கவில்லை. விளங்காததைப் பார்த்து இன்னும் பொறுமையாகச் சொன்னார். நல்ல வாய் அகன்ற பானையாகப் பார்த்து, அடியில் மெத்தென்று துணி விரித்து, ஆள் நடமாட்டம் உள்ள இடமாகப் பார்த்து, கல்லறைச் சாலையில் நகர வாயிலுக்கு வெளியே வைக்கச் சொல்லிச் சீராவிடம் கொடுத்தனுப்பிவிட்டாராம். கொல்வது ஒரு ஓரம், வளர்ப்பது ஒரு ஓரம், இது இரண்டுக்கும் இடையிலாம், எடுக்கிறவர்கள் எடுத்துக்கொள்வார்களாம். சாற்றை என் பக்கம் நகர்த்தி, ஆறிடப்போவுது என்றார்.

திமா, கத்தவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. எந்தக் குழந்தை என்று மட்டும் கேட்டேன். கதவுப் பக்கம் படுத்திருந்தது என்றார். இராத்திரி நான் எத்தனை முறை இடம் மாற்றிப் படுக்கவைத்தேனோ, கதவுப் பக்கம் முதலில் பிறந்தவள் இருந்தாளா, பிறகு பிறந்தவள் இருந்தாளா என்று எனக்கே தெரியவில்லை. காலில் ஒரு நூல்கூடக் கட்டி வைக்கவில்லை. போனது யார் என்று தெரியாமல் ஒரு பிள்ளை போய்விட்டது. கோபத்தில் செய்தார், குடித்துவிட்டுச் செய்தார், யாரோ தூண்டிவிட்டார்கள் என்றால் என் மனது அதை எங்கேயாவது வைத்துக்கொள்ளும். இவர் யோசித்துச் செய்தார். மிகவும் நல்லது ஒன்றைச் செய்துவிட்ட முகத்தோடு சாற்றுக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் முற்றத்தில் மொலோனின் குரல் கேட்டது. மொலோனைப் பற்றி எழுதியிருக்கிறேனா என்று நினைவில்லை, உன் அப்பாவோடு தோப்புக்குப் போகிற சிநேகிதர், துணி வியாபாரம், எப்போதும் சத்தமாகப் பேசுவார். அடுத்தநாள் சடங்குக்காகக் கணவாய் மீனும் ஆக்டோபசும் கயிற்றில் கோத்துக் கொண்டுவந்திருந்தார். "ரெட்டைக்கு ரெட்டையாக் கொண்டாந்திருக்கேன்யா பாதி, ஒண்ணைத் திருப்பிக் குடுத்துடாதே" என்று சிரித்துக்கொண்டே வந்தார். உன் அப்பா எழுந்து வெளியே போய் ஒரு கயிறு போதும் என்றார். திரைக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்டது. ஒரு குழந்தை தவறிவிட்டதா என்று மொலோன் குரலைத் தாழ்த்திக் கேட்டார். இல்லை, வெளியே வைத்தாயிற்று என்று சொல்லி, என்னிடம் சொன்னதையே வார்த்தை மாறாமல் அவரிடமும் சொன்னார். கயிற்றிலிருந்து தண்ணீர் கல்லில் சொட்டுவது கேட்டது. பிறகு மொலோன் உன் அப்பாவிடம், கெஃபிசோன், நீ என்றைக்காவது பேச்சு முடிகிறவரை இருந்திருக்கிறாயா என்று கேட்டார். முழுக்க இருப்பதும் ஒரு மிகைதானே என்று இவர் பாதியிலேயே எழுந்து வந்துவிடுவாராம், எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். "நீ எந்திரிச்சுப் போனப்புறம் ஆசிரியர் என்ன சொன்னார் தெரியுமா? எல்லாத்துக்கும் நடு கிடையாதுன்னார். அளவாத் திருடறவன், அளவா அடுத்தவன் பொண்டாட்டிகிட்ட போறவன், அளவாக் கொலை பண்றவன், அப்படி எவனாவது உண்டான்னு கேட்டார். நாங்கல்லாம் சிரிச்சோம். நீ அப்ப பாதி வழி வந்திருப்பே." நான் கொலை செய்யவில்லையே என்றார் உன் அப்பா. மொலோன், பானையை வைத்த இடத்தை நீ போய்ப் பார்த்தாயா என்று மட்டும் கேட்டார்.

இருவரும் போனார்கள். சீராவும் இடம் காட்டக் கூடவே போனாள். வீட்டில் நானும் அந்த ஒரு குழந்தையும். அது அழுதது, பால் கொடுத்தேன், மற்ற மார்பு கனத்து வலித்தது. பிள்ளையை எடுத்திருப்பார்களா, நாய் எடுத்திருக்குமா, ஏதாவது வேசி விடுதிக்காரி எடுத்து வளர்த்து விற்பாளா என்று மனம் போகாத இடமெல்லாம் போயிற்று. பக்கத்து வீட்டுப் பெண் சுவருக்கு மேலாக எட்டிப்பார்த்து ஆறுதல் சொன்னாள், ஊரில் யாரும் செய்யாததா லிசில்லா, உன் வீட்டுக்காரர் நல்லவர், ஆள் நடக்கிற இடமாகப் பார்த்து வைத்திருக்கிறார், என் மாமனார் என் மூன்றாவதை மலையில் வைக்கச் சொன்னார் என்று பயறு விலை சொல்வதுபோல் சொன்னாள். அவளுக்கு ஒரு மூன்றாவது இருந்தது என்றே எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் ஒரே சுவர். நான் அவளிடம் உப்பு வாங்கியிருக்கிறேன்.

திரும்பி வந்தபோது மூவர் கையிலும் ஒன்றுமில்லை. ஆனால் குழந்தை உயிரோடு இருக்கிறது என்று சீரா வாசலிலேயே சொல்லிவிட்டாள், அதைக் கேட்டபின்தான் எனக்கு மூச்சு வந்தது. வாயிலுக்கு வெளியே கல்லறைகளுக்கு மாலை கட்டி விற்கிற பிலின்னா என்ற பெண் எடுத்து வைத்திருக்கிறாள், நான் நெய்த சிவப்புக் கரைத் துணி அவள் கொடியில் காய்கிறதாம். பின் ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்டேன். உன் அப்பா உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார், ஒன்றைக் கழற்றி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். போய்க் கேட்டாராம், நான்தான் தகப்பன், எனக்கு உரிமை இருக்கிறது என்றாராம். அவள் மாலை கட்டுவதை நிறுத்தாமல், "உங்களுக்கு ஒண்ணு போதும்னு நெனச்சீங்க. எனக்கும் ஒண்ணு போதும். உங்ககிட்ட ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு. இதைவிட நியாயமான பங்கு எதுங்கய்யா" என்றாளாம். இதைச் சொல்லிவிட்டு உன் அப்பா என்னை நிமிர்ந்து பார்த்து, "யோசிச்சுப் பாத்தேன் லிசில்லா. அவ சொன்னதுல தப்பில்ல" என்றார். மொலோன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவள் பேசினாள், இவன் தலையாட்டினான் அம்மா, நான் இழுத்துப் பார்த்தேன் என்றார்.

காலையில் பிள்ளையைக் காணோம் என்றபோது எனக்கு விழுந்த இடியைவிட இது பெரிய இடி. பிள்ளை உயிரோடு, கூப்பிடு தூரத்தில், இன்னொருத்தி மடியில் இருக்கிறது, இவர் நியாயம் தெரிந்துகொண்டு திரும்பி வந்திருக்கிறார். நான் எழுந்தேன். பிரசவத் தீட்டுக் கழியாத பெண் வாசற்படி தாண்டக்கூடாது என்று எல்லாருக்கும் தெரியும், அதைச் சீராதான் முணுமுணுத்தாள். இருக்கிற பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு தாண்டினேன். முக்காடு எங்கே விழுந்தது என்று தெரியாது. நான் கடைசியாகப் பகலில் அந்தத் தெருவில் போனது உன்னைக் கப்பலேற்ற வந்தபோது, அன்றைக்கு வண்டி, சுற்றிலும் ஆட்கள், தலையை மூடியிருந்தேன். இப்போது மண்பானைக்காரர்கள் சக்கரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒரு கிழவர் பாதையிலிருந்து விலகி, என் தீட்டு ஒட்டாமலிருக்கத் தன் சட்டையில் எச்சில் துப்பிக்கொண்டார். காலில் ரத்தம் இறங்குவது எனக்குத் தெரிந்தது. நிற்கவில்லை.

பிலின்னாவின் வீடு வாயிலைத் தாண்டி இடதுபக்கம், ஓர் அறை, முன்னால் தட்டி, தட்டிக்குக் கீழே கல்லறை மாலைக்கான ஈரச் செலரித் தழையும் நார் உருண்டையும். என் வயதுதான் இருக்கும் அவளுக்கு, எந்த ஊரிலிருந்தோ வந்து குடியேறியவர்கள், புருஷன் படகுத்துறையில். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு தேன் கலந்த தண்ணீரைத் துணியில் நனைத்து வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள், என் கையிலிருந்த முகத்தைப் பார்த்தாள், தன் மடியிலிருந்த முகத்தைப் பார்த்தாள். என் மார்பில் துணி நனைந்திருந்ததையும் பார்த்தாள். என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டு வரவில்லை நான். தட்டிக்குக் கீழே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள், ஒருத்தி அச்சுல வார்த்தமாதிரி இருக்குதுடி என்றாள், இன்னொருத்தி, குடுத்துடாதே பிலின்னா, போட்டவங்க போட்டவங்கதான் என்றாள். பிள்ளை அழுதது. என் குழந்தையின் அழுகையை நான் இன்னொருத்தி மடியிலிருந்து கேட்டேன், அதற்கு என் மார்பு பதில் சொல்லிற்று, துணி இன்னும் நனைந்தது. அவள் பிள்ளையைத் தூக்கி என்னிடம் நீட்டினாள், ஆனால் துணியின் ஒரு முனையைத் தன் விரலில் சுற்றிக்கொண்டாள். இரண்டுக்கும் கொடுத்தேன். இரண்டும் குடிக்கிறவரை அந்த முனையை அவள் விடவே இல்லை.

பிறகு பேசினாள். என் பிள்ளைகள் எல்லாம் எதிரே அந்தக் கல்லறைச் சுவருக்குப் பின்னால்தான் புதைந்து கிடக்கின்றன, ஒன்றாவது வருமா என்று இந்த வருஷம் தெய்வத்திடம் கேட்டிருந்தேன், காலையில் கதவைத் திறந்தால் பானை, கேட்டது கிடைத்துவிட்டது என்று நினைத்தேன் என்றாள். "நான் இவளைப் பாதி பெறலம்மா, முழுசாத்தான் பெத்தேன்" என்றேன், அவ்வளவுதான் வந்தது. அவள் தலையை ஆட்டினாள். "நீங்க பெத்தீங்க, அதுல சந்தேகமில்ல. போட்டது யாரு? நான் இன்னைக்குக் குடுத்து, நாளைக்கு வேற யாராவது வந்து வேற ஒரு கணக்குச் சொல்லி, மறுபடியும் பானை வந்தா? அப்ப நான் இந்தப் பக்கம் இருப்பேனோ என்னமோ. அவர் சொல்லட்டும். இங்க, தெருவுல." அவள் யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று திரும்பிப் பார்த்தேன். உன் அப்பா நின்றார், ஒரு காலில்தான் செருப்பு இருந்தது, பக்கத்தில் மொலோன்.

இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இரண்டும் என் மகள்கள், இரண்டையும் வளர்க்கிறேன் என்று தம் வழக்கமான குரலில் சொன்னார். பிலின்னா நாரைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டே, "கேக்கலைங்கய்யா" என்றாள். இவர் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். "அதோ அந்தக் குயவர் காதுல விழல பாருங்க." மறுபடி சொன்னார். அவள் எழுந்து நின்று, மதில் மேல் நிக்கற காவல்காரருக்குக் கேக்கட்டும் என்றாள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள், அளவாச் சொல்றாருய்யா என்று ஒருவன் சொன்னான். அப்போது உன் அப்பா கத்தினார். திமா, அவரோடு இத்தனை வருஷம் வாழ்ந்த நான் அந்தக் குரலைக் கேட்டதே இல்லை, அவர் உடம்பில் அப்படி ஒரு குரல் இருக்கிறது என்றே தெரியாது. ரெண்டும் என் பொண்ணுங்க, ரெண்டும் என் பொண்ணுங்க என்று கழுத்து நரம்பு புடைக்க, எச்சில் தெறிக்க, குரல் உடைந்து கீச்சென்று ஆகிறவரை கத்தினார். நிறுத்தத் தெரியவில்லை அவருக்கு, மொலோன்தான் தோளைப் பிடித்து நிறுத்தினார். சிரித்தவர்கள் அதன்பின் சிரிக்கவில்லை. பிலின்னா விரலில் சுற்றியிருந்த துணி முனையை அவிழ்த்தாள். பானை எனக்கு இருக்கட்டும் என்றாள். அவ்வளவுதான், தழைகளைத் தண்ணீரில் நனைக்கத் திரும்பிவிட்டாள், நாங்கள் போகிறவரை எங்கள் பக்கம் பார்க்கவில்லை.

மறுநாள் சடங்கு நடந்தது. இரண்டு கையிலும் இரண்டு பேரை வைத்துக்கொண்டு அடுப்பைச் சுற்றி ஓடினார், ஒரு முறை கால் தடுக்கி எல்லாரும் பதறினோம். மொலோன் கொண்டுவந்த இரண்டு கயிறும் வெந்தது. பெயர் வைக்கிற நாளில் ஒருத்திக்கு என் அம்மாவின் பெயரை வைத்தோம், ஹெதிலே. மற்றவளுக்கு உன் அப்பாவின் அத்தை கிலியோவின் பெயர் என்று உறவில் எல்லாரும் முடிவு செய்திருந்தார்கள். பிலின்னா அந்த ஒரு பொழுதில் அவளை மெலித்தா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள், தேன் குடித்தாள் என்பதற்காகத் தேனீ. அது அடிமைப் பெண்களுக்கும் செவிலிகளுக்கும் வைக்கிற பெயர், குடிமகன் வீட்டுப் பெண்ணுக்கு ஆகாது என்றார்கள். நான் மெலித்தா என்றேன். உன் அப்பா யோசித்துவிட்டு, இரண்டையும் சேர்த்துக் கிலியோமெலி என்று வைக்கலாமா என்று கேட்டார். நான் அவரைப் பார்த்தேன். அவரே தலையைக் குனிந்துகொண்டு, மெலித்தா என்றார். அவள் முதலில் பிறந்தவளா, பிறகு பிறந்தவளா என்பது இனி யாருக்கும் தெரியாது. இந்தத் தடவை நூல் கட்டியிருக்கிறேன்.

இப்போது அவர் பேச்சு முடிகிறவரை தோப்பிலேயே இருக்கிறாராம், மொலோன் சொன்னார். வீட்டுக்கு வந்தால் என் அறை வாசலில் நின்று உள்ளே வரலாமா என்று கேட்கிறார். நான் ஊம் என்கிறேன். கோபத்துக்கு எது அளவு என்று அந்தச் சுருளை மறுபடி எடுத்துப் படித்தேன். கோபப்பட வேண்டியதற்குக் கோபப்படாதவன் மந்தன், யார்மேல், எதற்காக, எவ்வளவு காலம் என்று தெரிந்து கோபப்படுகிறவனே நல்லவன் என்று இருக்கிறது. யார்மேல் என்று தெரிகிறது. எதற்காக என்றும் தெரிகிறது. எவ்வளவு காலம் என்பதுதான் தெரியவில்லை, அதை அந்தச் சுருளில் யாரும் எழுதி வைக்கவில்லை. சிலநேரம் அவர் மெலித்தாவைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் நடக்கும்போது அந்த முதுகைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. சிலநேரம் அதே முதுகைப் பார்த்து உடம்பு சில்லிட்டுப் போகிறது. தோப்புப் பேச்சுமேல் எனக்குக் கோபமில்லை, அது உண்மை என்றே இன்னும் நினைக்கிறேன், சொல்லப்போனால் இப்போதுதான் நினைக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அவளுடைய மூன்றாவது பெண்ணா பையனா என்று கேட்டேன். அவள் உள்ளே போய்விட்டாள். பிறகு ஒருநாள் சுவருக்கு மேலாக, பெண் என்றாள்.

உனக்குச் சொல்ல வந்தது இதுதான். உன் மாப்பிள்ளை தங்கமானவர், உன் அப்பாவும் தங்கமானவர்தான், அதனால் தங்கம் என்று நம்பிச் சும்மா இருக்காதே. குழந்தை வயிற்றில் இருக்கும்போதே, சாப்பிட்டு முடித்து நல்ல மனதோடு இருக்கும் வேளையாகப் பார்த்துக் கேள். பெண் பிறந்தால், இரண்டு பிறந்தால், காலோ கையோ கோணலாகப் பிறந்தால், அடுப்பைச் சுற்றித் தூக்கிக்கொண்டு வருவீர்களா என்று கேள். வருவேன் என்றால் போதும், காரணம் கேட்காதே. அவர் உடனே சொல்லாமல் யோசித்தால், ஒரு மூச்சு நேரம் யோசித்தாலும், எனக்கு எழுது. முதல் கப்பலில் இரண்டு பேரையும் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். தெருவில் நடக்கத் தெரிந்துவிட்டது, கடலைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆர்தெமிஸ் தேவி உன் பிரசவத்தின்போது பக்கத்தில் நிற்கட்டும், அடுப்புத் தெய்வம் உன் வீட்டில் அணையாமல் எரியட்டும், நீ பெறுவது ஒன்றோ பலவோ அத்தனையும் உன் கைக்கே வரட்டும். முட்டைக்கோஸ் விதை கொஞ்சம் இதனுடன் மடித்து வைத்திருக்கிறேன், ஈரம் படாமல் எடுத்து இப்போதே போட்டுவிடு, உன் நாளுக்குள் இலை வந்துவிடும். படித்ததும் இதை எரித்துவிடு, மாப்பிள்ளை கண்ணில் பட்டாலும் பாதகமில்லை, உன் அப்பாவின் பெயர் இதில் இருக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

இரண்டு தங்கைகளும் பக்கத்தில் தூங்க, உன் அம்மா
லிசில்லா